வீட்டில் பதிவு செய்த டிரம்ஸைத் திருத்த எந்த மென்பொருள்?

வீட்டு அறையில் டிரம் கிட்டை நிறுத்தி, எட்டு மைக் வைத்து, எட்டு டிராக்குகளில் பதிவு செய்கிறீர்கள். இதுவரை ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் திருத்தி வந்திருக்கிறீர்கள். தாளம் விலகி விழுந்த ஸ்னேர் (கிட்டில் கூர்மையாக ஒலிக்கும் டிரம்) அடிகளை வெட்டிச் சரியான இடத்துக்கு நகர்த்தினால் நேரம் சரியாகிவிடுகிறது, ஆனால் ஸ்னேர் மெலிந்து தகரத்தைத் தட்டியதுபோல ஒலிக்கிறது. எந்த மென்பொருளுக்கு மாறினால் இது தீரும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானோருக்கு நான் ரீப்பரைச் சொல்வேன். மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு லாஜிக் புரோவும் அதற்கு நிகரான தேர்வு. ஆனால் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு போய், இப்போது செய்வதையே அங்கும் செய்தால் அதே மெலிந்த ஸ்னேர்தான் திரும்பக் கிடைக்கும். அதனால் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் புரிந்துவிட்டால் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எளிது.

ஸ்னேருக்கு அருகில் இருக்கும் மைக் மட்டும் ஸ்னேரைக் கேட்பதில்லை. கிட்டில் உள்ள எல்லா மைக்குகளும் அதைக் கேட்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் கேட்கிறது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. அதாவது ஒரு மில்லிநொடிக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். ஸ்னேர் மைக் தோலிலிருந்து 5 சென்டிமீட்டரிலும், ஓவர்ஹெட் மைக் ஒரு மீட்டர் உயரத்திலும் இருந்தால், ஒரே அடி ஓவர்ஹெட்டுக்குக் கிட்டத்தட்ட 2.8 மில்லிநொடி பிந்தி வந்து சேரும். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் அது சுமார் 133 சாம்பிள் (ஒலியை அளந்து பதியும் புள்ளிகள்). மூன்று மீட்டர் தள்ளி ஓர் அறை மைக் இருந்தால் அதில் இன்னும் பிந்தி, 9 மில்லிநொடிக்கு அருகில் விழும். இந்த இடைவெளிகள் பாடல் முழுவதும் மாறாமல் இருக்கும்வரை காது அத்தனையையும் சேர்த்து ஒரே ஸ்னேராக ஏற்றுக்கொள்கிறது. நல்ல பதிவில் ஸ்னேரின் கனத்தில் பெரும்பங்கு ஓவர்ஹெட்டிலிருந்தே வருகிறது.

இப்போது ஸ்னேர் டிராக்கில் உள்ள ஓர் அடியை மட்டும் முன்னே இழுக்கிறீர்கள். ஓவர்ஹெட்டில் பதிந்த அதே அடி பழைய இடத்திலேயே நிற்கிறது. ஸ்னேரின் உடல் ஓசை 200 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த அலையின் ஒரு சுற்று 5 மில்லிநொடி. இரண்டு மைக்குகளுக்கு இடையிலிருந்த உறவு 2.5 மில்லிநொடி மாறினாலே போதும்: ஒன்று ஏறும் இடத்தில் மற்றொன்று இறங்கும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். மீந்து நிற்பது மேல்பகுதியின் கரகரப்பு மட்டுமே. நீங்கள் கேட்கும் தகர ஓசை அதுதான். நகர்த்திய தூரம் அடிக்கு அடி மாறுவதால் ஒவ்வொரு ஸ்னேரும் ஒவ்வொரு நிறத்தில் ஒலிக்கும். ஈக்யூ (தொனியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு அதைச் சரிசெய்ய வழியில்லை. நகர்த்திய தூரம் 15, 20 மில்லிநொடியைத் தாண்டினால் ஓரடி இரண்டு அடியாகவே கேட்கத் தொடங்கிவிடும்.

ஆகவே டிரம்ஸ் திருத்தத்தின் முதல் விதி: எதை வெட்டினாலும் எல்லா டிராக்குகளிலும் ஒரே புள்ளியில் வெட்ட வேண்டும், எதை நகர்த்தினாலும் எல்லாவற்றையும் ஒரே அளவு நகர்த்த வேண்டும். மென்பொருளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. எட்டு டிராக்குகளைக் குழுவாகக் கட்டிவைத்து, ஒன்றில் செய்வது எட்டிலும் அப்படியே நடக்குமா? இதற்கு ஆம் என்று சொல்லாத மென்பொருளில் வேறு எத்தனை வசதி இருந்தாலும் இந்த வேலைக்கு அது உதவாது.

அடுத்தது, அடி விழும் முனையைக் கண்டுபிடிக்கும் திறன். அலைவடிவம் திடீரென்று எழும் அந்த இடத்தை டிரான்சியன்ட் என்கிறோம். எல்லா மென்பொருளும் அதை ஏதோ ஒரு விதத்தில் கண்டுபிடிக்கும். எந்த டிராக்கைப் பார்த்துக் கண்டுபிடிப்பது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்பதே முக்கியம். கிக்கையும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்னேரையும் மட்டும் வழிகாட்டியாக வைத்துக்கொண்டு மற்ற ஆறும் பின்தொடர வேண்டும். ஓவர்ஹெட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மென்பொருள் ஒவ்வொரு சிம்பல் (உலோகத் தட்டு) அடியிலும் புதிதாக ஒரு வெட்டு போடும். ஒரே கிக் அடிக்கு, மைக்குகளின் தூர வேறுபாட்டால், இரண்டு மூன்று வெட்டுகள் அடுத்தடுத்து விழுவதும் உண்டு. கண்டறியும் வரம்பை ஏற்றி இறக்கும் கட்டுப்பாடும் தேவை. வரம்பு உயரமாக இருந்தால் ஸ்னேரின் மெல்லிய கோஸ்ட் அடிகள் தப்பிவிடும். தாழ்வாக இருந்தால் ஸ்னேர் மைக்கில் கசிந்த ஹை-ஹேட்டையெல்லாம் ஸ்னேர் என்று எண்ணிக்கொள்ளும். எந்த மென்பொருளிலும் இதைப் பாடலுக்குப் பாடல் கையால் அமைக்கத்தான் வேண்டும். ஒரே அழுத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தை நம்பி எதையும் வாங்காதீர்கள்.

அடிகளை நகர்த்தும் வழிகள் இரண்டு. ஒன்று, வெட்டி நகர்த்துவது. மற்றொன்று, ஒலியை நீட்டியும் சுருக்கியும் அடியை உரிய இடத்துக்குக் கொண்டுவருவது. பல மைக்கில் பதிவான டிரம்ஸுக்கு நான் வெட்டுவதையே விரும்புகிறேன். வெட்டிய துண்டுக்குள் ஒலி பதிவான நிலையிலேயே, ஒரு சாம்பிள்கூட மாறாமல் இருக்கிறது. நீட்டும்போது மென்பொருள் இல்லாத ஒலியைக் கணக்கிட்டு உருவாக்க வேண்டியிருக்கிறது. சிம்பலின் நீண்ட வாலில் அது உடனே தெரிந்துவிடும், நீரில் மூழ்கி எழுவதுபோல ஒரு அலைவு வரும். ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாகக் கணக்கிட்டு நீட்டும் முறையாக இருந்தால் மைக்குகளுக்கு இடையிலான உறவும் நுட்பமாகக் குலையக்கூடும். இரண்டொரு அடிகளைச் சிறிதளவு தள்ள வேண்டிய இடங்களில் நீட்டுவது பழுதில்லாமல் முடியும். ஒரு முழுப் பாடலை அப்படித் திருத்தினால் சிம்பல்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

வெட்டுவதன் நுணுக்கம் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தக்கது, ஏனென்றால் மென்பொருள்களின் தரம் இங்கேதான் பிரிகிறது. வெட்டு அடியின் முனையிலேயே விழக்கூடாது. அதற்கு 5 முதல் 10 மில்லிநொடி முன்னால் விழ வேண்டும். அப்போதுதான் அடியின் எழுச்சி முழுமையாகத் துண்டுக்குள் இருக்கும், வெட்டின் ஒட்டு அதற்கு முந்தைய அமைதியான இடத்தில் மறையும். இனி, ஓர் அடி 15 மில்லிநொடி பிந்தி விழுந்தது, அதை முன்னே இழுத்தீர்கள். அந்தத் துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே 15 மில்லிநொடி வெற்றிடம் உண்டாகிறது. சிம்பல் ஒலித்துக்கொண்டிருக்கும்போது இப்படி ஓர் ஓட்டை விழுந்தால் காதில் குத்தும். அதை நிரப்ப, அடுத்த துண்டின் இடது விளிம்பைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். முன்பே கேட்ட வால்பகுதியில் 15 மில்லிநொடி மறுபடி வரும். சிறு கிராஸ்ஃபேட் (ஒரு துண்டு மங்க மற்றது எழும் ஒட்டு) போட்டால் யாருக்கும் தெரியாது. மாறாக, முந்தைய துண்டின் வலது விளிம்பை முன்னோக்கி இழுத்தால் அதன் முடிவில் அடுத்த அடியின் தொடக்கம் எட்டிப்பார்க்கும். உடனே உண்மையான அடியும் வரும். ஓரடி ஈரடியாகக் கேட்கும் கோளாறு பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

இதை ஒவ்வோர் ஒட்டிலும் கையால் செய்ய முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 120 என்ற டெம்போவில் நான்கு நிமிடப் பாடலில் 480 கால்தாளங்கள் இருக்கின்றன. தாளத்துக்கு ஒரு வெட்டு என்று குறைத்துக் கணக்கிட்டாலும் எட்டு டிராக்கில் 3,840 துண்டுகள். வெற்றிடங்களை நிரப்பி, கிராஸ்ஃபேட் போடுவதை எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே கட்டளையில் செய்யும் வசதி இதனால்தான் இன்றியமையாதது.

இனி மென்பொருள்கள்.

ரீப்பரை முதலில் வைப்பதற்குக் காரணம், மேலே சொன்ன அத்தனையையும் அது செய்கிறது, ஒரே பதிப்பாகவே வருகிறது. குறைந்த பதிப்பை வாங்கிவிட்டுத் தேவையான கருவி பெரிய பதிப்பில் மட்டும் இருப்பதைப் பின்னால் அறியும் ஏமாற்றம் இதில் இல்லை. 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். பழைய கணினியிலும் சுறுசுறுப்பாக இருக்கும். எட்டு டிராக்கின் துண்டுகளையும் தேர்ந்து ஜி விசையை அழுத்தினால் குழுவாகிவிடும். டேப் விசை அடுத்த டிரான்சியன்ட்டுக்குத் தாவும். எஸ் விசை அங்கே வெட்டும். டைனமிக் ஸ்ப்ளிட் என்ற கருவி ஒரு டிராக்கில் கண்டுபிடித்த புள்ளிகளில் குழுவின் மற்ற துண்டுகளையும் வெட்டித்தரும். பிறகு, அடிகளைத் தாளக் கட்டத்துக்கு இழுத்துப் பொருத்தும் குவாண்டைஸ் கட்டளை. வெற்றிடம் நிரப்ப எஸ்டபிள்யூஎஸ் என்ற இலவச இணைப்பை நிறுவிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் ரீப்பரில் டிரம்ஸ் திருத்தத் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். 2023-இல் வந்த 7-ஆம் பதிப்பில் பல டேக்குகளிலிருந்து (ஒரே பாடலைத் திரும்பத் திரும்ப வாசித்த பதிவுகள்) நல்ல பகுதிகளைச் சுட்டியால் தேய்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதியும் வந்துவிட்டது. குறை என்னவென்றால், எல்லாம் தெரிவுகளுக்குள் புதைந்து கிடக்கும். முதல் ஒரு வாரம் பொறுமை வேண்டும். தேவையான ஐந்தாறு கட்டளைகளுக்கு உங்கள் விருப்பப்படி விசைகளை ஒதுக்கிவிட்டால், அதன் பிறகு வேலை ஓடும்.

லாஜிக் புரோவில் இந்த வேலை அழகாக அமைந்திருக்கிறது. அடிகளின் நேரத்தைத் திருத்தும் ஃப்ளெக்ஸ் டைம் என்ற கருவி 2009-இல் 9-ஆம் பதிப்போடு வந்தது. டிராக்குகளைக் குழுவாக்கி, குழு அமைப்பில் குவாண்டைஸ் பூட்டை இயக்க வேண்டும். பிறகு எந்த டிராக்குகள் வழிகாட்டி என்பதை ஒவ்வொரு டிராக்கின் தலைப்பிலும் உள்ள கியூ பொத்தானால் குறிக்கலாம்: கிக்கிலும் ஸ்னேரிலும் மட்டும் அதை இயக்குங்கள். ஃப்ளெக்ஸ் முறைகளில் ஸ்லைசிங் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒலியை நீட்டாமல் வெட்டியே நகர்த்தும். திருத்தம் எதுவும் மூலப்பதிவைத் தொடாது. ஃப்ளெக்ஸை அணைத்தால் வாசித்தது வாசித்தபடி கேட்கும். ஏற்கெனவே மேக் இருந்து, ரீப்பரின் தெரிவுக் காட்டைக் கண்டு தயங்குபவருக்கு நான் இதையே சொல்வேன். சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. டிரம்ஸ் திருத்துவதற்காக மட்டும் மேக் வாங்கத் தேவையில்லை.

புரோ டூல்ஸின் பீட் டிடெக்டிவ் இந்தத் துறையின் நீண்டகால அளவுகோல். முதலில் கிக்கின் புள்ளிகளைச் சேகரித்து, அதன்மேல் ஸ்னேரின் புள்ளிகளையும் சேர்த்து, வெட்டுமுன் எத்தனை மில்லிநொடி விட வேண்டும் என்று எண்ணால் சொல்லி, வெட்டி, தாளத்துக்குப் பொருத்தி, கடைசியில் இடைவெளிகளை நிரப்பிக் கிராஸ்ஃபேட் போடும்வரை எல்லாம் ஒரே சாளரத்தில் வரிசையாக இருக்கிறது. இதைக் கற்றவர்களுக்கு வேறெதுவும் வேகமாகத் தோன்றாது. உங்கள் பதிவை வெளி ஸ்டுடியோவில் மிக்ஸ் செய்யப்போகிறீர்கள், அவர்கள் புரோ டூல்ஸ் கோப்பைத்தான் கேட்கிறார்கள் என்றால் இதைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. வீட்டோடு முடியும் வேலைக்கு அதன் செலவைத் தாங்க வேண்டியதில்லை. இன்ட்ரோ என்ற இலவசப் பதிப்பில் 8 ஆடியோ டிராக்குகள் மட்டுமே உண்டு; உங்கள் டிரம்ஸே அதை நிரப்பிவிடும், பேஸ் கிட்டாருக்கு இடமிருக்காது.

கியூபேஸ், ஸ்டுடியோ ஒன் (2026 முதல் ஃபெண்டர் ஸ்டுடியோ புரோ என்ற பெயரில் வருகிறது) இரண்டும் வலுவானவை. 2011-இல் வந்த கியூபேஸ் 6 முதல், டிரம் டிராக்குகளை ஒரு ஃபோல்டருக்குள் போட்டுக் குழுத்திருத்தத்தை இயக்கி, ஃபேஸ் (மைக்குகளின் அலைகள் ஒன்றோடொன்று பொருந்தும் உறவு) குலையாமல் குவாண்டைஸ் செய்ய முடிகிறது. எந்த டிராக்கின் அடிக்கு முன்னுரிமை என்பதை நட்சத்திரக் குறிகளால் சொல்லும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்; கிக்கும் ஹை-ஹேட்டும் ஒரே தாளத்தில் சற்று முன்பின்னாக விழும்போது எதை நம்புவது என்ற குழப்பத்தை அது தீர்க்கிறது. ஆனால் கியூபேஸ் பல படிநிலைகளில் விற்கப்படுகிறது. சிறிய பதிப்பு ஏதேனும் ஆடியோ இன்டர்ஃபேஸோடு இலவசமாக வந்திருந்தால், குழுத்திருத்தம் அதில் இருக்கிறதா என்று நிறுவனத்தின் ஒப்பீட்டு அட்டவணையில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஸ்டுடியோ ஒன்னில் கண்டறிதல், வெட்டுதல், நிரப்புதல், கிராஸ்ஃபேட் எல்லாம் ஒரே பலகையில் இருக்கின்றன. புதிதாகக் கற்பவருக்கு எளிதானது இதுவாகத்தான் இருக்கும். ஏபிள்டன் லைவில் 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து டிராக்குகளை இணைத்துத் திருத்தலாம், என்றாலும் அதன் இயல்பு ஒலியை நீட்டுவதில் இருக்கிறது; நேரடி டிரம்ஸுக்காக அதைத் தேடிப் போக மாட்டேன். லினக்ஸ் பயனர்களுக்கு ஆர்டர் (Ardour) என்ற மென்பொருள் இருக்கிறது, அதில் ரிதம் ஃபெரெட் என்ற கருவியும் உண்டு.

ஆடாசிட்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒலியை வெட்டி ஒட்டக் கற்றுக்கொள்ள அதைவிட எளிதான இடம் கிடையாது, முற்றிலும் இலவசம். 2023-இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து தாளக் கட்டங்களையும் காட்டுகிறது. ஆனால் பல மைக் டிரம்ஸை வழிகாட்டி டிராக்கைக் கொண்டு வெட்டிக் குவாண்டைஸ் செய்யும் கருவி அதில் அமைக்கப்படவில்லை. இரண்டே மைக் வைத்து ஒரே ஸ்டீரியோ டிராக்கில் பதிவு செய்பவர் தாராளமாக அதிலேயே தொடரலாம். இரண்டு பக்கமும் எப்போதும் சேர்ந்தே நகர்வதால் நாம் பேசிக்கொண்டிருக்கும் சிக்கலே அவருக்கு எழாது. எலெக்ட்ரானிக் டிரம்ஸில் மிடியாகப் பதிவு செய்பவருக்கும் இந்தப் பதிலின் பெரும்பகுதி தேவைப்படாது. அங்கே அடிகள் வெறும் எண்கள்; எதை வேண்டுமானாலும் தனியாக நகர்த்தலாம்.

எந்த மென்பொருளானாலும் வாங்குவதற்கு முன் சோதனைக் காலத்தில் ஒன்று செய்யுங்கள். உங்கள் பதிவிலிருந்தே எட்டு பார் எடுத்துக்கொள்ளுங்கள். ரைடு சிம்பல் தொடர்ந்து ஒலிக்கும் பகுதியாகவும், நடுவே ஒரு டாம் ஃபில் (டாம் டிரம்களில் வாசிக்கும் சிறு நிரப்பல்) இருப்பதாகவும் பார்த்து எடுங்கள். எளிமையான ஹை-ஹேட் தாளத்தை எந்த மென்பொருளும் சமாளித்துவிடும். திருத்துவதற்கு முன் ஏதேனும் ஒரு ஸ்னேர் அடியைப் பெரிதாக்கி, ஸ்னேர் டிராக்கிலும் ஓவர்ஹெட்டிலும் அது தொடங்கும் இடங்களுக்கு இடையே எத்தனை சாம்பிள் என்று குறித்துக்கொள்ளுங்கள். குழுவாக்கி, வெட்டி, குவாண்டைஸ் செய்து, நிரப்புங்கள். அதே அடியைப் போய்ப் பாருங்கள். அடி இடம் மாறியிருக்கலாம். அந்தச் சாம்பிள் எண்ணிக்கை மட்டும் மாறியிருக்கக் கூடாது. பிறகு ஓவர்ஹெட்டை மட்டும் தனியாக ஒலிக்கவிடுங்கள். ரைடின் ஓட்டத்தில் எங்காவது விக்கல் கேட்கிறதா? அடுத்து எல்லா டிராக்குகளையும் மோனோவில் கேளுங்கள். ஃபேஸ் குலைந்திருந்தால் ஸ்டீரியோவில் ஒளிந்துகொள்ளும் ஓட்டை மோனோவில் வெளியே வந்துவிடும். கடைசியாக, டாம் ஃபில்லில் மென்பொருள் தவறான இடத்துக்கு இழுத்த ஓர் அடியைக் கையால் பழைய இடத்துக்குக் கொண்டுபோங்கள். இது எத்தனை அழுத்தங்களில் முடிகிறது என்பதைக் கவனியுங்கள். அன்றாடம் நீங்கள் செய்யப்போகும் வேலை அதுதான். தானாக நடந்த திருத்தத்தில் பத்தில் ஒன்றிரண்டு தவறாக விழுவது இயல்பு. அவற்றை விரைவாகச் சரிசெய்ய விடாத மென்பொருள் உங்கள் பொறுமையைத் தின்றுவிடும்.

குவாண்டைஸின் வலிமையை 100 விழுக்காட்டில் வைக்காதீர்கள். 80-இல் வைத்தால் 20 மில்லிநொடி விலகிய அடி 16 நகர்ந்து, 4 மில்லிநொடி விலகலோடு நிற்கும். 5 மில்லிநொடி விலகியது ஒன்றுக்கு வந்துவிடும். பெரும்பிழை மறைந்து, வாசித்தவரின் கை மிச்சமிருக்கும். நல்ல டிரம்மர்கள் பலர் ஸ்னேரைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வைப்பார்கள். அந்தச் சாய்வுதான் பாட்டைச் சாவகாசமாக நடக்க வைக்கிறது. அதை அழித்துவிட்டால் திருத்தியதால் இழந்தது அதிகம். ஒரு குறிப்பிட்ட அளவுக்குள் விலகியிருக்கும் அடிகளைத் தொடாமல் விட்டுவிடும் தெரிவும் பல மென்பொருள்களில் இருக்கிறது, எனக்கு அது வலிமையைக் குறைப்பதைவிடவும் பிடித்தமானது. இன்னொன்று: இந்த வேலை எல்லாவற்றுக்கும் முன்னால் டேக்குகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். மூன்று டேக் வாசித்து நல்ல பகுதிகளைக் கோத்தால் திருத்த வேண்டிய அடிகள் பாதியாகக் குறைந்துவிடும், அப்படிக் கோத்த வாசிப்பு எந்தக் குவாண்டைஸைவிடவும் உயிரோடு ஒலிக்கும்.

இவையெல்லாம் மெட்ரோனோம் கிளிக்கைக் கேட்டு வாசித்த பதிவுகளுக்கு. கிளிக் இல்லாமல் வாசித்திருந்தால் குவாண்டைஸ் செய்ய ஒரு கட்டமே இல்லை. அப்போது டிரம்ஸை நகர்த்துவதற்குப் பதிலாகக் கட்டத்தை நகர்த்த வேண்டும்: ஒவ்வொரு பாரின் முதல் கிக்கிலும் டெம்போ குறியிட்டு, மென்பொருளின் பார்கள் வாசிப்பைப் பின்தொடரும்படி செய்ய வேண்டும். மேலே சொன்ன பெரிய மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இது முடியும். அதன்பின் ஓரிரு மோசமான அடிகளை மட்டும் கையால் தொட்டால் போதும்.

டாம் டிராக்குகளைப் பற்றி ஒரு சொல். அடிக்காத நேரத்திலும் டாம் மைக்குகள் சிம்பலை வாங்கிக்கொண்டும், கிக்குக்கு அதிர்ந்துகொண்டும் இருக்கும். பலர் இதற்கு கேட் (ஒலி ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் அடைத்துவிடும் கருவி) பிளக்-இன் போடுகிறார்கள். பாடலில் டாம் பத்திருபது இடங்களில்தான் வருகிறது என்றால், கேட்டோடு போராடுவதைவிட அலைவடிவத்தைப் பார்த்து, அடி இல்லாத பகுதிகளை வெட்டி நீக்கி, வால்களுக்கு நீண்ட ஃபேட் போடுவது பலமடங்கு தூய்மையாக இருக்கும். இங்கே குழுவைத் தற்காலிகமாக அவிழ்க்கலாம். எதையும் நகர்த்தவில்லை, அமைதியாக்குகிறோம், அவ்வளவுதான். குழுவை ஒரே விசையில் அணைத்து மீண்டும் இயக்க முடிகிறதா என்பதையும் அதனால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிக் மிகவும் பலவீனமாகப் பதிந்திருந்தால் வேறொரு கிக் ஒலியை அதன்மேல் சேர்ப்பதும் வழக்கம். லாஜிக்கில் அதற்கான கருவி உள்ளேயே இருக்கிறது. ரீப்பரில் ரீகேட் என்ற கேட், திறக்கும்போதெல்லாம் ஒரு மிடி குறிப்பை அனுப்பும்; அதைக் கொண்டு எந்தச் சாம்பிளரையும் (பதிந்து வைத்த ஒலிகளை வாசிக்கும் கருவி) வாசிக்க வைக்கலாம். திருத்தம் முழுதும் முடிந்த பிறகே இதைச் செய்யுங்கள், சேர்த்த ஒலி பழைய கிக்கோடு ஃபேஸ் ஒத்துப்போகிறதா என்று அதையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

கணினியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வெட்டி நகர்த்துவது செயலிக்குச் சுமையே இல்லை. இடம்தான் தேவை: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எட்டு டிராக்குகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 69 மெகாபைட் பிடிக்கும், நான்கு நிமிடப் பாடலின் பத்து டேக்குகள் 2.8 கிகாபைட்டுக்கு அருகில் வரும். ஏற்கெனவே பிளக்-இன்கள் வாங்கி வைத்திருந்தால் அவற்றின் வடிவத்தைச் சரிபாருங்கள். லாஜிக் ஏயூ வடிவத்தை மட்டும் ஏற்கும், புரோ டூல்ஸ் ஏஏஎக்ஸை மட்டும். ரீப்பரும் கியூபேஸும் ஸ்டுடியோ ஒன்னும் விஎஸ்டி வகையை ஏற்கின்றன.

உங்கள் நிலையில் நான் அடுத்து செய்வது இதுதான். ஸ்னேரைத் தனியாக நகர்த்துவதற்கு முந்தைய மூலப்பதிவைத் தேடி எடுங்கள். நகர்த்திய பிரதியிலிருந்து தொடங்கினால் குலைந்த உறவோடுதான் தொடங்குவீர்கள். எட்டு டிராக்குகளையும் ஆடாசிட்டியிலிருந்து தனித்தனி வேவ் கோப்புகளாக ஏற்றுமதி செய்யுங்கள். ஒன்றின் தொடக்கத்தில் அமைதி இருந்தாலும் அதை வெட்டாமல், எட்டும் ஒரே புள்ளியில் தொடங்கும்படி விடுங்கள். ரீப்பரைச் சோதனைக்கு நிறுவி, பாடலின் டெம்போவை முதலில் அமைத்துவிட்டு, எட்டுக் கோப்புகளையும் ஒருசேர இழுத்துப் போட்டு, வேறெதையும் தொடுவதற்கு முன் எல்லாவற்றையும் தேர்ந்து ஜி விசையை அழுத்துங்கள்.